நாகர்கோவிலுக்குக் குடிவரலாமா? ஒரு குளத்தங்கரைத் தொழில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் நீளமான பதில்

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கணவருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்திருக்கிறது. "குளங்கள் சூழ்ந்த பழைய தொழில் ஊர், இடையில் படுத்துக் கிடந்தது, மாநகராட்சி ஆன பிறகு எழுந்து வருகிறது என்கிறார்கள். ஊர் எப்படி, ஆட்கள் எப்படி, பிழைப்பு எப்படி? வீடு வாங்கி அங்கேயே இருந்துவிடலாமா?" என்பது கேள்வி.

இங்கேயே பிறந்து இங்கேயே கிடக்கிறவன் என்பதால் நீட்டித்தான் சொல்ல முடியும்.

முதலில் "படுத்துக் கிடந்தது" என்ற பேச்சு. உங்கள் ஊரில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது தெருத்தெருவாக வேலை போனதைப் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலில் ஊரையே தாங்குகிற ஆலை என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால் அப்படி விழவும் இல்லை. இங்கே தொழில் நடப்பது வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும் ஓடு போட்ட நீளக் கொட்டகைகளிலும்தான். வடசேரியில் நகை, கோட்டாற்றில் மொத்த வியாபாரம், மேற்கே முந்திரி, மலையடியில் ரப்பர், கடலோரத்தில் கயிறும் வலையும், கிழக்கே தோவாளைப் பக்கம் செங்கல்சூளை, பூ, காற்றாலை. ஒன்று நொடித்தால் இன்னொன்று கஞ்சி ஊற்றும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது தொழில் ஊராகவே தெரியாததற்கும் அதுதான் காரணம். அவர்கள் பார்ப்பது செம்மாங்குடி ரோட்டு ஜவுளிக்கடைகளையும் மணிமேடையையும் கன்னியாகுமரி போகும் பஸ்ஸையும் மட்டும்.

திருவிதாங்கூரில் இருந்த இந்தப் பகுதி 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகராட்சி 2019-இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.25 லட்சம். அதை வைத்துச் சின்ன ஊர் என்று எண்ண வேண்டாம். மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மேற்கே கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வரை போனாலும் வீடுகள் அறுபடுவதே இல்லை. எங்கே ஊர் முடிந்து எங்கே ஊர் தொடங்குகிறது என்று பஸ் கண்டக்டர் சொன்னால்தான் தெரியும்.

இனி தொழில்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

இந்த மாவட்டத்தின் பெரும் உழைப்பு பெண்களுடையது. கல்குளம், விளவங்கோடு பக்கம் காலையில் ரோட்டோரமாகத் தூக்குவாளியோடு கூட்டமாகப் போகும் பெண்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் போவது முந்திரி ஆலைக்கு. எங்கள் வழக்கில் அதற்கு "அண்டி ஆபீஸ்" என்று பெயர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டையில் வரும் கொட்டையைச் சுட்டு, ஓட்டை உடைத்து, பருப்பைக் காயவைத்து, மேல்தோலை உரித்து, ரகம் பிரிப்பது வேலை. கூலி பெரும்பாலும் கிலோக் கணக்கில். கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொத்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்துப்போகும். வயதான அக்காமார் பலருடைய கைகளைப் பார்த்தாலே என்ன வேலை செய்தவர்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்த ஆலைகள் இங்கே பெருகியதற்கு ஒரு கதை உண்டு. முந்திரித் தொழிலின் தலைநகரம் கொல்லம். கேரளத்தில் தொழிற்சங்கமும் குறைந்தபட்சக் கூலியும் வலுத்தபோது, அங்கத்திய முதலாளிகள் பலர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் கொட்டகை போட்டார்கள். கூலி குறைவு, பேச்சு மொழி பாதி மலையாளம், தூரமும் கைக்கெட்டும் தூரம். ஆக, மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இன்னொரு மாநிலத்தில் கூலி உயர்ந்ததால் வந்தது. இப்போது வியட்நாமில் உடைப்பதும் உரிப்பதும் இயந்திரத்தில் நடக்கிறது. இங்கேயும் இயந்திரம் வந்துவிட்டது. இளம்பெண்கள் அண்டி ஆபீசுக்குப் போவதில்லை. நர்சிங் படிக்கிறார்கள், ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். ஆலையில் மிஞ்சியிருப்பவர்களுக்கு நாற்பதுக்கு மேல் வயது. தொழில் நலிகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தன் மகள் அந்த வேலைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அம்மா உடைத்தாள். இதை நலிவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீன்வலைத் தொழிலிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஒருகாலத்தில் கடலோரப் பெண்கள் கையால் வலை முடிந்தார்கள். நைலானும் இயந்திரமும் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. பிறகு அதே வலைக் கம்பெனிகளுக்குள் பெண்களே வேலைக்குப் போனார்கள். இன்றும் நாகர்கோவிலைச் சுற்றி வலைக் கம்பெனிகள் ஓடுகின்றன.

வடசேரி நகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் பெண்பிள்ளைகள் அணியும் சிவப்புக்கல் நகை இருக்கிறதே, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம், ஜடைநாகம், அதன் சொந்த ஊர் இதுதான். வெள்ளியில் கட்டடம் செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக்கல்லைப் பதித்து, ஓரத்தில் தங்கத்தகடு ஒற்றுவார்கள். கோயில் விக்கிரகங்களுக்குச் செய்த வேலை நாட்டிய மேடைக்கு வந்தது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் வடசேரியில் போய்ப் பெரிய ஷோரூமைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சின்ன அறை, ஒரு விளக்கு, குனிந்த முதுகுகள், அவ்வளவுதான். குறியீடு வந்ததால் ஆசாரிமார் வீட்டில் இரண்டு ஆள் கூடினார்களா என்றால், என் கண்ணுக்குத் தெரிய இல்லை. அச்சில் வார்த்த மலிவு நகை அதே பெயரில் ஊரெல்லாம் விற்கிறது.

மணலைச் சொல்லாமல் இந்த ஊர்த் தொழில் வரலாறு முழுமை ஆகாது. நாகர்கோவிலுக்கு மேற்கே கடலோரத்தில் மணவாளக்குறிச்சி. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான், 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். கயிற்றில் ஒட்டிய தூசுக்காக ஒரு ஆலையே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று மணவாளக்குறிச்சி ஆலை அவர்கள் கையில்தான். வேலை தந்த ஆலை என்று ஒரு சாரார், கதிர்வீச்சையும் புற்றுநோயையும் நினைத்துப் பயப்படுகிற ஒரு சாரார். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. நீங்கள் எந்தத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தாலும் இதில் ஒரு கட்சி எடுக்கச் சொல்வார்கள். வந்த புதிதில் வாயைத் திறக்காதீர்கள்.

காற்றாலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று பாய்கிறது, முப்பந்தலில் விசிறிகள் சுற்றுகின்றன, படம் எடுக்க நன்றாக இருக்கும். வேலை வாய்ப்பு என்று பார்த்தால் விசிறியின் அளவுக்கு இல்லை.

அப்படியானால் எழுந்து வருகிறது என்று சொல்வது எதை? பிள்ளைகளின் படிப்பும் வெளியூர்ச் சம்பளமும் திரும்பி வருவதை. 2011-இல் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் இந்த மாவட்டம். 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி தொடங்கிய பள்ளிதான் பின்னால் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. இருநூறு ஆண்டுப் பள்ளிக்கூடப் பழக்கத்தின் பலன் இப்போது தெரிகிறது. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், 2025-இல் பொறுப்பேற்ற நாராயணன், இருவரும் இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். வளைகுடாவிலும் பெங்களூரிலும் சம்பாதித்த பணம் இங்கே வீடாகவும் ஆஸ்பத்திரியாகவும் கல்யாண மண்டபமாகவும் முளைக்கிறது. சின்னச் சின்ன மென்பொருள் நிறுவனங்கள் வீட்டு மாடிகளில் இயங்குகின்றன. 2024 ஆகஸ்ட் முதல் சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது. அதாவது, பொருள் செய்கிற ஊர் மெல்லச் செலவு செய்கிற ஊராக மாறிக்கொண்டிருக்கிறது. கடைத்தெருவைப் பார்த்து வளர்ச்சி என்று சொல்வதில் பாதிதான் உண்மை. பெரிய மருத்துவம் என்றால் இப்போதும் திருவனந்தபுரத்துக்குத்தான் ரயில் ஏறுகிறோம், விமானம் என்றாலும் அங்கேதான்.

இனி குளம். இதைத்தான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சேர்ந்தது நாஞ்சில் நாடு. இதன் வயலும் குளமும் ஒரே கணக்குப் புத்தகம். மலையில் பேச்சிப்பாறை அணை, 1906-இல் கட்டி முடித்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் அணையைத் திறந்தால் தண்ணீர் சானல் சானலாக இறங்கி, ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல்சாகுபடி இந்தச் சங்கிலியை நம்பித்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. மலையிலிருந்து கடல் எட்டிப்பார்க்கும் தூரம்தான் என்பதால், பிடித்து வைக்காவிட்டால் பெய்த மழை சில மணி நேரத்தில் கடலில். அதற்காகத்தான் இத்தனை குளம் வெட்டினார்கள்.

வயல் குறைந்தபோது குளத்துக்குக் கேட்பாரில்லாமல் போனது. தென்னை வைத்தார்கள், வாழை வைத்தார்கள், பிறகு மனை போட்டார்கள். பாசனம் இல்லாத குளம் அரசுக் காகிதத்தில் சும்மா கிடக்கிற நிலம் மாதிரிதான். கரையோரம் மண் விழும், ஒரு ஷெட் வரும், ஷெட்டுக்கு மின்சாரம் வரும். புதிய நான்குவழிச்சாலையும் பல குளங்களுக்கு நடுவே போகிறது. ஊருக்குள் நிரவப்பட்ட குளங்கள் எத்தனையோ. 2021 நவம்பர் மழையில் பழையாற்றுக் கரையோரம் தண்ணீர் புகுந்தபோது, தண்ணீர் எங்கே நின்றது என்று கவனித்தவர்களுக்குப் பழைய குளங்களின் எல்லை தானாகத் தெரிந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நகரத்திலிருந்து கன்னியாகுமரி ரோட்டில் சிறிது தூரம் போனாலே தேரூர்க் குளம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஊர் அது. கூழைக்கடா, நாரை எல்லாம் பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். குளங்களில் தாமரை வளர்த்துத் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஆயுதபூஜை வந்தால் தாமரைக்கு விலை ஏறும். குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலமும் உண்டு. ஆக, குளம் இன்றும் ஒரு தொழிற்கூடம்தான், கொட்டகை இல்லாத தொழிற்கூடம். ஆகாயத்தாமரை மூடிய குளத்தைத் தூர்வாரித் தரச்சொல்லி மனு கொடுக்கிற இளைஞர் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அரசியல்வாதிகள் மேடையில் அறிவிக்கும் திட்டங்களை விட இவர்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

குடிதண்ணீருக்கு நகரம் நம்பியிருந்தது முக்கடல் அணையை. அதன் முழு நீர்மட்டமே 25 அடி. கோடையில் உள்ளூர்ப் பத்திரிகையில் அணை மட்டம் "மைனஸ்" என்று போடுவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு அது அச்சுப்பிழை போலத் தோன்றும். புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அதற்காகவே வந்தது. பாதாளச் சாக்கடை வேலை பல வருடமாகத் தோண்டித் தோண்டி மூடப்படுகிறது. ஸ்கூட்டர் ஓட்டுவீர்கள் என்றால் மழைநாளில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சமதரை என்று நம்பாதீர்கள்.

ஆட்கள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பேச்சில் ஒரு குத்தல் இருக்கும், அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஒழுகினசேரிக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். "மக்கா" என்று கூப்பிட்டால் அன்பு. "வாங்க, போங்க" என்று ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் ஏதோ பிசகிவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண் உங்களை "மைனி" என்பாள், அண்ணன் மனைவி முறை அது. மேற்கே போகப்போகப் பேச்சில் மலையாளம் கூடும். நாகர்கோவிலில் தேநீர் குடிப்பவர் மார்த்தாண்டத்தில் சாயா குடிப்பார்.

இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டச் சரிபாதி, முஸ்லிம்களும் உண்டு. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண், அய்யா வைகுண்டர் பிறந்த மண். சாதியைப் பற்றி இங்கே மெல்லிய குரலில் பேசுவார்கள், ஆனால் பேசுவார்கள். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தின் வடு பெரியவர்கள் மனத்தில் இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காட்டுக் கொடை, வைகுண்டர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மத நல்லிணக்கம் கிடையாது. நாகராஜா கோயிலுக்குப் போனால் பிரசாதமாக மண்தான் தருவார்கள், மூலவருக்கு மேல் ஓலைக்கூரைதான், தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்கள். எந்த மதம் எப்போது வந்தது என்று யாரும் சண்டை போடாத இடம் அது.

அரசியலிலும் ஊர் தனி வழி. சென்னையில் அடிக்கும் அலை ஆரல்வாய்மொழி தாண்டும்போது பாதி ஓய்ந்துவிடும். 1967-இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது இந்த ஊர். எல்லோரும் பத்திரிகை படிப்பார்கள், எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், பாதிப்பேருக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கு இருக்கும், பெரும்பாலும் சொந்தக்காரரோடு, வழிப்பாதைக்காக.

சாப்பாடு உங்களுக்குப் பிடித்துவிடும். எல்லாவற்றிலும் தேங்காய். தீயல், அவியல், ரசவடை, மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும். மட்டி வாழைப்பழம் குழந்தைகளுக்கு. மீனுக்கு ஒரு விஷயம்: கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதலும் மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதலும் மீன்பிடித் தடைக்காலம். ஒரே மாவட்டத்தில் இரண்டும் வரும் என்பதால் ஒரு பக்கம் படகு நிற்கும்போது பெரும்பாலும் மறுபக்கம் ஓடும், மீன் அடியோடு இல்லாமல் போகாது. காய்கறிக்கு வடசேரி கனகமூலம் சந்தை.

வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவர் தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போகிற வேலை இல்லையென்றால் ஸ்டேஷன் பக்கம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். ராமன்புதூர், பார்வதிபுரம், கோணம் பக்கங்களில் வாடகைக்குப் பாருங்கள். பள்ளிக்கூடம் எங்கும் உண்டு. வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். கோவையை விட விலை குறையும் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். நிலம் குறைவு, ஆள் அதிகம், வளைகுடாப் பணம் வேறு. புதிதாக மண் அடித்து மேடாக்கிய மனை, பக்கத்தில் கோரை முளைத்திருக்கிறது, மனைக்கு முன்னால் காரணமே இல்லாமல் ஒரு சின்னப் பாலம் நிற்கிறது என்றால், அங்கே முன்பு வயலோ குளமோ சானலோ இருந்திருக்கிறது. புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டு வில்லேஜ் ஆபீசில் பழைய பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதே தெருவில் பாட்டா (தாத்தா) யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள், காகிதத்தில் இல்லாததும் அவர் வாயில் வரும். முதலில் வாடகை வீட்டில் இருந்து ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எந்தத் தெருவில் நின்றது என்று குறித்துக்கொண்டு, பிறகு முன்பணம் கொடுங்கள்.